‘நார்தர்லி’ என்றால் வடக்கிலிருந்தா, வடக்கு நோக்கியா?

கேள்வி: கரைக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்காக, ஆங்கிலத்தில் வெளியாகும் வானிலை மற்றும் கடல்நிலை அறிக்கைகளைத் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்துவருகிறேன். அந்த அறிக்கைகளில் அடிக்கடி வரும் ‘நார்தர்லி’, ‘ஈஸ்டர்லி’, ‘நார்த்-ஈஸ்டர்லி’ போன்ற சொற்களை எப்படிக் கையாள்வது என்பதில் எனக்குத் தெளிவு வேண்டும்.

அகராதியைப் பார்த்தால் ‘நார்தர்லி’ என்ற ஒரே சொல்லுக்கு வடக்கிலிருந்து வருவது, வடக்கு நோக்கிச் செல்வது, வடக்கில் அமைந்திருப்பது என மூன்று பொருள்கள் தரப்பட்டுள்ளன. முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். அது சென்னைக்குக் கிழக்கே கடலில் இருந்தபடியே கரைக்கு ஏறக்குறைய இணையாக வடக்கு நோக்கி நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லாவுக்கு அருகே கரையைக் கடந்தது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர் புயலின் நகர்வை ‘நார்த்வர்ட்’ என்றும், அதே நேரத்தில் சென்னையில் வீசிய காற்றை ‘நார்தர்லி’ என்றும் எழுதுவார். இரண்டையும் ‘வடக்கு நோக்கி’ என்று ஒரு நாளிதழில் மொழிபெயர்த்திருந்ததைக் கண்டேன். வடக்கிலிருந்து வீசும் காற்றில் வடக்கு நோக்கிப் படகைச் செலுத்துபவருக்கு எதிர்க்காற்று. அதே பயணத்தில் தெற்கிலிருந்து வீசும் காற்று முதுகைத் தள்ளும். பலகையில் நான் தவறாக எழுதினால் அதைப் படித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர் என்ன ஆவார் என்ற கவலை எனக்கு இருக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதற்கு ஏதேனும் உறுதியான விதி உண்டா?

பதில்: திசைமானி

வணக்கம். விதி உண்டு, காற்றைப் பொறுத்தவரை அதற்கு விலக்கும் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரையே அதற்கு இடுவார்கள். ‘நார்தர்லி விண்ட்’ என்றாலும் ‘நார்த் விண்ட்’ என்றாலும் வடக்கிலிருந்து வீசும் காற்றுதான். பாகையில் சொல்லும்போதும் அப்படியே. மெய்வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் அளந்து, 90 என்றால் கிழக்கிலிருந்து, 180 என்றால் தெற்கிலிருந்து, 360 என்றால் வடக்கிலிருந்து வீசுகிறது என்று கொள்ள வேண்டும்.

மாறாக, ‘-வர்ட்’ அல்லது ‘-வர்ட்ஸ்’ என்று முடியும் சொற்களில் ஐயத்துக்கே இடமில்லை. அவை எப்போதும் செல்லும் திசையைக் குறிப்பவை. ‘-அர்ன்’ என்று முடிபவை பெரும்பாலும் இருப்பிடத்தை மட்டும் சொல்கின்றன. இலங்கையின் வட மாகாணத்தை ‘நார்தர்ன் ப்ராவின்ஸ்’ என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையை ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ என்பதும் இவ்வகை. நீங்கள் தடுமாறுவது ‘-அர்லி’ ஒன்றில்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த ஈறு தனியாகத் திசையைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. அடுத்து ‘விண்ட்’ வந்தால் ‘இலிருந்து’. அடுத்து ‘டைரக்ஷன்’, ‘கோர்ஸ்’ போன்ற பயணச் சொல் வந்தால் ‘நோக்கி’. அடுத்து ‘பாயிண்ட்’ போன்ற இடச்சொல் வந்தால் வெறும் இருப்பிடம். கிரேட் நிக்கோபாரில் உள்ள இந்திரா முனையை இந்தியாவின் ‘மோஸ்ட் சதர்லி பாயிண்ட்’ என்று எழுதினால், நாட்டின் தென்கோடி என்பதுதான் பொருள். அங்கே வருவதும் இல்லை, போவதும் இல்லை.

பதில்: மேல்தளம்

திசைமானி ஐயா சொன்னது சரி. வணிகக் கப்பலில் தளப்பணி அதிகாரியாக இருப்பவன் என்ற முறையில், கடல் தொடர்பான சிலவற்றை நான் சேர்க்க விரும்புகிறேன். கேள்வி கேட்டவர் மீனவர்களுக்காக எழுதுகிறார் என்பதால், காற்றைவிட நீரோட்டத்தில்தான் அவர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காற்றுக்கு அது வரும் திசையின் பெயர். நீரோட்டத்துக்கு அது போகும் திசையின் பெயர். கடலோடிகளின் வழக்கில் இது மிகப் பழைய வேறுபாடு. நீரோட்டத்தின் திசையை ‘செட்’ என்றும் அதன் வேகத்தை ‘டிரிஃப்ட்’ என்றும் சொல்வோம். செட் 210 பாகை என்று வரைபடத்தில் குறித்திருந்தால், அந்த ஓட்டம் உங்களைத் தென்-தென்மேற்குப் பக்கமாக இழுத்துச் செல்லும் என்று பொருள். காற்று 210 பாகை என்று எழுதியிருந்தால், அது அந்தப் பக்கத்திலிருந்து வந்து உங்களை வட-வடகிழக்குப் பக்கமாகத் தள்ளும். ஒரே எண்ணுக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

இதன் காரணத்தைக் கப்பலின் தேவையிலிருந்து பார்த்தால் விளங்கும். பாய்மரக் காலத்து மாலுமிக்குக் காற்றைப் பற்றித் தெரிய வேண்டியது, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்து பாயில் மோதும், எந்தப் பக்கத்து வானத்தைக் கவனிக்க வேண்டும் என்பது. நீரோட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டியதோ, அது தன் கப்பலை எங்கே கொண்டுபோய் விடும், எந்தப் பாறையை நோக்கித் தள்ளும் என்பது. அந்தந்தத் தேவைக்கு ஏற்ற பெயர்முறை நிலைத்துவிட்டது என்பது என் கருத்து.

நமது கரையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நவம்பர் மாதத்தில் தமிழகக் கரையோரம் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதே பருவத்தில் கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதாவது காற்றும் நீரும் ஏறக்குறைய ஒரே பக்கமாகத்தான் போகின்றன. ஆனால் காற்றின் பெயரில் வடக்கு இருக்கிறது, நீரோட்டத்தின் பெயரில் தெற்கு இருக்கிறது. பெயர்களை மட்டும் பார்ப்பவர், காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதுகின்றன என்று எண்ணிவிடுவார். காற்றும் நீரோட்டமும் உண்மையிலேயே எதிர்த்து மோதும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து சிறு படகுகளுக்குப் பேராபத்தாகும் என்பதால், இந்தப் பிழை எழுத்தோடு நிற்கும் பிழையன்று.

இதனால்தான் பிரிட்டனில் வெளியாகும் ‘அட்மிரல்டி’ கடல்வழிக் கையேடுகளில், நீரோட்டத்துக்கு ‘-அர்லி’யைத் தவிர்த்து ‘வெஸ்ட்-கோயிங்’, ‘நார்த்-கோயிங்’ என்று, ‘போகும்’ என்ற வினையையே சேர்த்து எழுதுகிறார்கள். நீங்களும் தமிழில் அதையே செய்யலாம். ‘தெற்கு நீரோட்டம்’ என்று எழுதாதீர்கள். ‘தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம்’ என்று எழுதுங்கள்.

காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து மேற்கே விலகி நின்றால் அதை ‘வெஸ்டர்லி வேரியேஷன்’ என்போம். அங்கே வருவதும் போவதும் கிடையாது, ஊசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே செய்தி. மீனவர் பலகைக்கு இது தேவைப்படாது. இந்தச் சொல்லின் வீச்சு எவ்வளவு என்று காட்டவே சொன்னேன்.

பதில்: மேகநோக்கி

நல்ல கேள்வி, நல்ல பதில்கள். மிக்ஜாமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புயலின் நகர்வும் காற்றின் திசையும் வேறுவேறு என்பதைப் புரிந்துகொண்டால், இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இராது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வட அரைக்கோளத்தில் புயலின் மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. சென்னைக்குக் கிழக்கே மையம் இருந்தால், சென்னை புயலின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சுழற்சி வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. ஆகவே புயல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், மையம் கிழக்கே இருக்கும் வரை சென்னையில் காற்று வடக்கிலிருந்துதான் வரும். மிக்ஜாம் வடக்கே போகப் போக, சென்னை அதன் தென்மேற்குப் பக்கத்துக்கும் பிறகு தெற்குப் பக்கத்துக்கும் வந்துவிடுகிறது. அதற்கேற்பக் காற்று வடமேற்கிலிருந்தும் பின்னர் மேற்கிலிருந்தும் வருவதாக மாறும். ‘நார்த்வர்ட்’ நகர்ந்த புயலும் ‘நார்தர்லி’ காற்றும் ஒரே செய்தியில் இடம்பெறுவதில் எந்த முரண்பாடும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதைவிடத் தெளிவான ஒரு வழக்கு உண்டு. அங்கே குளிர்காலத்தில் தாக்கும் பெரும்புயல்களை ‘நார்-ஈஸ்டர்’ என்கிறார்கள். கரையில் காற்று வடகிழக்கிலிருந்து அறைவதால் வந்த பெயர். ஆனால் அந்தப் புயல்கள் பொதுவாகத் தென்மேற்கிலிருந்து கிளம்பி, கரையோரமாக வடகிழக்கு நோக்கிப் போகின்றன. பெயர் காற்றைப் பற்றியது, புயலின் பாதையைப் பற்றியதன்று.

இந்த வேறுபாட்டை உலகம் கவனித்த கதையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு ஓர் இடம் இருக்கிறது. 1743 அக்டோபரில் ஒரு சந்திர கிரகணத்தைப் பிலடெல்பியாவிலிருந்து பார்க்கக் காத்திருந்தார். வடகிழக்குக் காற்றோடு வந்த புயலும் மேகமும் அதை மறைத்துவிட்டன. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது என்றால், வடகிழக்கே இருக்கும் பாஸ்டன் நகரை அந்தப் புயல் முன்னதாகவே தாக்கியிருக்க வேண்டும், அங்கும் கிரகணம் தெரிந்திருக்காது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் பாஸ்டனில் கிரகணம் நன்றாகத் தெரிந்தது என்றும், புயல் அங்கே அதற்குப் பிறகுதான் வந்தது என்றும் செய்தி கிடைத்தது. மற்ற ஊர்களிலிருந்தும் விவரங்களைத் திரட்டிப் பார்த்து, வடகிழக்குக் காற்றைக் கொண்ட அந்தப் புயல் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். வானிலை நிலையங்களோ தந்தியோ இல்லாத காலத்தில், ஊர்களுக்கிடையே போய்வந்த செய்திகளை மட்டும் வைத்து அவர் இதை எட்டியது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

காற்றைக் கொண்டு மையத்தைக் கண்டறியும் எளிய விதி ஒன்றையும் உங்கள் பலகையில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்டது. நமது அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தத்தின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு முதுகைக் காட்டினால் நீங்கள் தெற்கு நோக்கி நிற்கிறீர்கள்; இடக்கை கிழக்கே, கடல் பக்கம் நீள்கிறது. மிக்ஜாம் அங்கேதான் இருந்தது.

இதனோடு சேர்ந்து வரும் இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் திசை வலஞ்சுழியாக மாறுவதை ‘வீரிங்’ என்றும், இடஞ்சுழியாக மாறுவதை ‘பேக்கிங்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. அப்படிக் கிழக்கிலிருந்து வந்து கரையேறும் ஒரு புயலில், மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு எனத் திரும்பும், இது வீரிங். மையத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு எனத் திரும்பும், இது பேக்கிங். புயல் தன் ஊருக்கு வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பதைக் காற்று திரும்பும் போக்கைக் கொண்டே ஒருவர் உணரலாம்.

வானிலைப் பெயர்களிலும் ‘வரும் திசை’ என்ற இந்த மரபே ஆட்சி செய்கிறது. கோடைப் பருவமழைக் காலத்தில் தீபகற்பத்துக்கு மேலே ஏறத்தாழ 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வேகக் காற்றோட்டத்துக்கு ‘ட்ராபிகல் ஈஸ்டர்லி ஜெட்’ என்று பெயர். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1958-இல் அதை விவரித்தார். அது கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. அதே நேரத்தில் அதற்கு வெகு கீழே தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. திசைமானி அவர்கள் ‘-அர்ன்’ பெரும்பாலும் இருப்பிடம் என்றார். ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ அதற்கு ஒரு விலக்கு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வந்து வடமேற்கு இந்தியாவுக்குக் குளிர்கால மழையும் பனியும் தரும் அமைப்பு அது. மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பெயர்.

கரைக்குறிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பைஸ் பாலட் விதியை இன்றே பலகையில் எழுதிவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஒன்று, அலைகளுக்கு எந்த விதி? ‘சவுத்-வெஸ்டர்லி ஸ்வெல்’ என்று கடல்நிலை அறிக்கைகளில் வருகிறதே, அது காற்றைப் போலவா, நீரோட்டத்தைப் போலவா? இரண்டு, கைபேசியில் உள்ள காற்று வரைபடச் செயலியில் எண் 45 பாகை என்று காட்டுகிறது, ஆனால் அம்புக்குறி தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஊர் இளைஞர்கள் அந்த அம்பை வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர்களோ வாடை, கொண்டல், கச்சான் என்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக எப்படி எழுதுவது?

பதில்: திசைமானி

பெரியவர்களின் சொற்கள் எல்லாம் ‘வரும் திசை’ மரபைச் சேர்ந்தவையே. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல். கச்சான் மேற்குப் பக்கத்திலிருந்து வருவது. ஆகவே காற்றைப் பொறுத்தவரை ஆங்கில வழக்கும் நமது வழக்கும் ஒத்துப்போகின்றன. ‘வடகிழக்குக் காற்று’ என்று எழுதினாலே நம் மக்களுக்குச் சரியாகப் புரியும், ‘இலிருந்து’ சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம்.

பதில்: மேல்தளம்

ஐயா, இந்த ஒன்றில் மட்டும் உங்களிடமிருந்து வேறுபடுகிறேன். மூத்த மீனவருக்குப் புரியும். ஆனால் அதே பலகையில் கீழ்வரியில் நீரோட்டமும் அதற்கடுத்த வரியில் புயலின் நகர்வும் இடம்பெறுகின்றன. மூன்றிலும் வெறும் திசைப்பெயரை மட்டும் எழுதினால், முதல் வரிக்கு ஒரு விதியையும் அடுத்த இரண்டு வரிகளுக்கு வேறொரு விதியையும் படிப்பவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவசரத்தில் பலகையைப் பார்ப்பவர் மீது அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. காற்றுக்கு ‘இலிருந்து’, நகர்வுக்கும் ஓட்டத்துக்கும் ‘நோக்கி’ என ஒவ்வொரு வரியிலும் எழுதுவதே பாதுகாப்பு.

செயலியின் எண்ணும் அம்பும் முரண்படவில்லை. எண், காற்று வரும் திசை; அம்பு, காற்று போகும் திசை. 45 பாகையிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து வரும் காற்று தென்மேற்கே போகும். அம்பு அதைத்தான் காட்டுகிறது. எல்லாக் குறிகளும் இப்படி இல்லை என்பதையும் இளைஞர்களிடம் சொல்லுங்கள். கட்டடங்களின் உச்சியில் சுழலும் காற்றுத்திசைகாட்டியின் முனை காற்று வரும் பக்கத்தைப் பார்த்து நிற்கும். வானிலை வரைபடத்தில் வேகக் கோடுகள் போட்ட குறியின் தண்டும் காற்று வரும் பக்கமாகவே நீண்டிருக்கும். விமான நிலையத்துக் காற்றுப்பையின் வாலோ காற்று போகும் பக்கம் பறக்கும். விமான நிலையம் என்றதும் இன்னொன்று: சென்னையில் 07 என்ற எண்ணுடைய ஓடுபாதை ஏறத்தாழ 70 பாகையைப் பார்த்தபடி அமைந்தது. 60 பாகையிலிருந்து காற்று வீசும் நாளில் அந்த ஓடுபாதையில் இறங்கும் விமானம், கிட்டத்தட்ட நேராக அந்தக் காற்றின் முகத்தில் பறந்து வருகிறது. விமானத்தின் எண் போகும் திசை, காற்றின் எண் வரும் திசை. இரண்டும் நெருங்கியிருந்தால் எதிர்க்காற்று.

பதில்: மேகநோக்கி

அலையைப் பற்றிய கேள்விக்கு நான் விடையளிக்கிறேன். கடல்நிலை முன்னறிவிப்புகளில் அலைகளுக்கும் காற்றின் விதியே பொருந்தும். ‘சவுத்-வெஸ்டர்லி ஸ்வெல்’ என்றால் தென்மேற்கிலிருந்து வரும் நெடிய அலைகள். அவற்றை அங்கே வீசும் காற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ‘கள்ளக்கடல்’ என்று மீனவர்கள் அழைக்கும் கடற்கொந்தளிப்பை ஏற்படுத்தும் அலைகள், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வெகு தொலைவில் வீசிய பலத்த காற்றால் எழுந்து, நாட்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்பவை. கரையில் காற்றே இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போதும் அவை ஊருக்குள் ஏறிவிடக்கூடும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம் இதற்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. காற்றுக்கான வரியில் அன்று ‘வடகிழக்கிலிருந்து, மெல்லிய காற்று’ என்று இருந்தாலும், அலைக்கான வரியில் ‘தென்மேற்கிலிருந்து வரும் நெடிய அலைகள்’ என்று இருக்கலாம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காமல், அலைக்கெனத் தனி வரி ஒதுக்கி, உயரத்தையும் அதோடு எழுதிவிடுங்கள்.